சாலையா, டிராக்கா? புதிதாக பைக் ஓட்ட வருபவர் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பெரும்பாலானவர்கள் வண்டியை வாங்கிய பிறகுதான் அதை எங்கே ஓட்டுவது என்று யோசிக்கிறார்கள். அந்த வரிசையில் போனால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை செலவாகும். மழையில் வழுக்கும் டயர், டிராக்கின் வாசலிலேயே நிராகரிக்கப்படும் ஜாக்கெட், ஒலி அளவு மீறியதால் திருப்பி அனுப்பப்படும் சைலன்சர் எல்லாம் இப்படி வந்து சேர்பவைதான். இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம். என்ன வேண்டும் என்பது முதலில். செலவு, ஆவணம், கவசம், வண்டி எல்லாம் அதன்பின். ஒரு நாள் டிராக்கில் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு.

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. மூடிய ஓடுதளத்தை ஒரு நாள் திறந்துவிடுவார்கள். சொந்த வண்டியையோ வாடகை வண்டியையோ கொண்டுபோய், உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற குழுவில் ஓட்டலாம். யாரும் யாரையும் வெல்ல வேண்டியதில்லை, பரிசும் கிடையாது. முதல் முறை போகிறவர் பயிற்றுநர் உள்ள நாளாகப் பார்த்துப் பதிவு செய்வது நல்லது.

1. வேண்டியது பயணமா, வளைவா என்று எழுதிப் பாருங்கள்

அடுத்த மாதம் வண்டி எத்தனை நாள் வெளியே போகும், எதற்காகப் போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலைக்குப் போக, கடைக்குப் போக, நண்பர்களுடன் நெடும்பயணம் போக என்று பட்டியல் வந்தால் உங்கள் இடம் சாலைதான். டிராக்குக்கு ஒதுக்கும் பணத்தை நல்ல கவசத்துக்கும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள வண்டிக்கும் ஒரு சாலைப் பயிற்சி வகுப்புக்கும் போடுங்கள்.

வளைவில் சாய வேண்டும், தாமதமாக பிரேக் போட வேண்டும், வண்டியின் எல்லை எதுவென்று தெரிய வேண்டும் என்று எழுதினீர்களா? அந்தப் பசிக்குச் சாலையில் தீனி கிடையாது. ஏன் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம்.

50 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் போனால் வண்டி சுமார் 30 டிகிரி சாய வேண்டும். 70-ல் சுமார் 38 டிகிரி. 80-ல் 45 டிகிரி. டயரின் அகலத்தால் உண்மையில் இன்னும் சில டிகிரி கூடும். அதாவது முள் 10 கி.மீ. ஏறியதும் சாய்வு 8 டிகிரி கூடிவிடுகிறது. 38 டிகிரியில் சாய்ந்திருக்கும்போது ஒரு கைப்பிடி மணலோ டீசல் கறையோ முன்சக்கரத்தின் கீழ் வந்தால், திருத்திக்கொள்ள டயரிடம் மிச்சம் எதுவும் இருக்காது. டிராக்கில் அதே வளைவு ஒவ்வொரு சுற்றிலும் அதே தரையோடு திரும்பி வரும். எதிரே வண்டி வராது. தவறினால் சரிந்துபோக இடம் இருக்கும், அங்கே மார்ஷல் எனப்படும் பாதுகாப்பு ஊழியர் நிற்பார்.

பிரேக் தூரமும் இப்படித்தான். நன்றாகப் பழகியவர் உலர்ந்த தார்ச்சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 14 மீட்டர் தேவை. 100 கி.மீ. என்றால் 55 மீட்டர். கண் பார்த்து கை பிடிக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்தால் மொத்தம் முறையே 28, 83 மீட்டர். உங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் எதுவும் சாலைக்கு அதிகம்தான். வளைவின் மறுபக்கம் தெரியாத இடத்தில் இந்த எண்களை நினைத்துப் பாருங்கள்.

ஒரு தவறான எதிர்பார்ப்பையும் இங்கேயே விட்டுவிடுங்கள். போக்குவரத்தைக் கண்டால் நடுங்குகிறது, டிராக்கில் பழகினால் சரியாகிவிடும் என்று சிலர் கிளம்புகிறார்கள். சரியாகாது. சந்திப்பில் குறுக்கே திரும்பும் கார், திடீரெனத் திறக்கும் கதவு, லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத பகுதி இவை எதையும் டிராக் கற்றுத்தராது. அந்த பயத்துக்கு மருந்து சாலைப் பயிற்சி வகுப்பும், நெரிசல் குறைந்த நேரத்தில் தினமும் ஓட்டுவதும்தான்.

2. இந்த ஐந்தும் கைவந்த பிறகு டிராக்குக்குப் பணம் கட்டுங்கள்

இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். கிலோமீட்டரை நான் அளவுகோலாக எடுப்பதில்லை. தவறாகவே 10,000 கிலோமீட்டர் ஓட்டியவரும் உண்டு. காலியான ஒரு மைதானத்தில் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவது, 50 கி.மீ. வேகத்திலிருந்து நேர்க்கோட்டில் அவசர நிறுத்தம். பிரேக் தொடங்கும் இடத்தில் ஒரு கூம்பு, 14 மீட்டரில் இன்னொன்று வையுங்கள். 20 மீட்டருக்கு மேல் போனால் இன்னும் பழக வேண்டும். முன் பிரேக் லிவரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதலில் மெல்ல அழுத்துங்கள். எடை முன்சக்கரத்துக்கு வந்து ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) அமுங்குவது கையில் தெரியும். அதன்பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். எடை வருவதற்கு முன்பே இழுத்தால், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, எதிர்த்திசைத் திருப்பம். இடப்பக்கம் சாய இடக் கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும், வலப்பக்கம் சாய வலக் கைப்பிடியை. இதை யோசிக்காமல் செய்ய வர வேண்டும். மூன்றாவது, பார்வை. வளைவுக்குள் நுழையும்போது கண் வெளியேறும் இடத்தைத் தேட வேண்டும். பயந்த கண் பள்ளத்தையே பார்க்கும், வண்டியும் கண் போகும் இடத்துக்கே போகும். நான்காவது, கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் கிளட்சை விடுவது. ஐந்தாவது, கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டு, காலை ஊன்றாமல் வட்டம் போட்டுத் திரும்புவது. டிராக்கில் இது தேவைப்படாது என்றாலும், வண்டி உங்கள் சொல் கேட்கிறதா என்பது இந்த மெதுவான வட்டத்தில்தான் தெரிகிறது.

3. ஓர் ஆண்டுச் செலவை இரண்டு பத்தியாக எழுதுங்கள்

சாலைப் பத்தி எளிது. காப்பீடு, பெட்ரோல், சர்வீஸ், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர், கவசம். டிராக் பத்தியில்தான் புதியவர்கள் நுழைவுக் கட்டணத்தை மட்டும் எழுதிவிட்டு ஏமாறுகிறார்கள். அதில் இவ்வளவும் வர வேண்டும்: நுழைவு, பயிற்றுநர், வண்டியை ஏற்றிப்போகும் வாடகை, முந்தைய இரவு தங்கும் செலவு, பெட்ரோல், டயர் தேய்மானம், பிரேக் பேட், வழக்கத்தைவிட அடிக்கடி மாற்றும் இன்ஜின் ஆயில், மருத்துவக் காப்பீடு, விழுந்தால் ஆகும் செலவு.

பெட்ரோல் செலவு சாலையில் ஆவதைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். உள்ளே பங்க் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, தேவையென்றால் அதற்கென உள்ள கேனில் எடுத்துப் போங்கள்.

விழும் செலவை இப்படிக் கணக்கிடுங்கள். உங்கள் வண்டி மெதுவான வளைவில் ஒரு பக்கமாகச் சரிந்தது என்று வையுங்கள். அந்தப் பக்கத்து லிவர், ஹேண்டில்பார், கால்மிதி, கியர் அல்லது பிரேக் பெடல், ஃபேரிங் (வண்டியின் வெளி உறை), இண்டிகேட்டர், இன்ஜின் பக்கவாட்டு மூடி இவற்றின் விலையை உதிரிபாகக் கடையில் இப்போதே கேட்டு எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையைத் தனியே எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் அந்த வண்டியை டிராக்குக்குக் கொண்டு போங்கள்.

கடனில் வாங்கிய வண்டிக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். டிராக்கில் நேரும் சேதத்தைச் சாலைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. வண்டி உருக்குலைந்து போனாலும் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். கடன் முடியும்வரை வாடகை வண்டியில் போவதே என் பரிந்துரை. வாடகை ஒப்பந்தத்தில் முன்பணம் எவ்வளவு, சேதத்துக்கு நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மழை பெய்தால் பணம் திரும்பி வரும் என்றும் எண்ண வேண்டாம். பல இடங்களில் மழையிலும் நிகழ்ச்சி நடக்கும். உங்களால் வர முடியாமல் போனால் எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பதிவு செய்யும்போதே பாருங்கள்.

4. ஆவணங்களை ஆறு வாரம் முன்பே எடுத்து வையுங்கள்

புதியவர் குழுவின் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பதிவு செய்வது நல்லது. அந்த இடைவெளியில் கீழே உள்ளவற்றை முடித்துவிடலாம்.

ஓட்டுநர் உரிமமும் அடையாள அட்டையும் அசலாக வேண்டும். உரிமம் இல்லாதவரைச் சில டிராக்குகள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. பதிவுக்கு முன் கேளுங்கள். வயது குறைந்தவருக்குப் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டியிருக்கலாம்.

பொறுப்புத் துறப்புப் படிவத்தை அன்று காலை வரிசையில் நின்றுகொண்டு படிக்க முடியாது. முன்பே வாங்கிப் படியுங்கள். டிராக்கின் தடுப்புச் சுவரையோ இன்னொருவர் வண்டியையோ சேதப்படுத்தினால் யார் கட்டுவது என்ற பத்தியைத் தவறவிடாதீர்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மூடிய ஓடுதளத்தில் போட்டி அல்லாத பயிற்சியின்போது என் வண்டிக்கு நேரும் சேதம் பாலிசியில் அடங்குமா? ஓடுதளத்துக்குப் போய் வரும் வழியில் பாலிசி செல்லுமா? என் மருத்துவக் காப்பீடு, ஆபத்தான விளையாட்டு என்று சொல்லி இதை விலக்குகிறதா? தொலைபேசியில் முகவர் சொல்லும் "எல்லாம் கவர் ஆகும்" என்ற வார்த்தை, பிறகு கோரிக்கை வைக்கும்போது எதற்கும் உதவாது.

அவசர அட்டை ஒன்று எழுதுங்கள். பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, உடனே அழைக்க வேண்டியவரின் எண். சூட்டின் உள்பையில் ஒன்று, பதிவு மேசையில் ஒன்று. தனியாகப் போகாதீர்கள். நீங்கள் விழுந்தால் உங்களையும் வண்டியையும் வீட்டுக்குக் கொண்டுவர ஒருவர் வேண்டும்.

சைலன்சர் மாற்றிய வண்டி என்றால் ஒலி வரம்பு எத்தனை டெசிபல், இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் (சுழற்சி வேகத்தில்) ஓடும்போது அளப்பார்கள் என்று கேளுங்கள். ஒலி கூடுதலாக இருந்து வாசலில் திருப்பி அனுப்பினால் கட்டணமும் போய்விடும். கம்பெனி சைலன்சரைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது இங்கே கை கொடுக்கும்.

5. கவசம்: எதை முதலில் வாங்குவது

சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவாகப் பயன்படுபவை ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் மூன்றும்தான். கையில் இருக்கும் பணத்தை முதலில் இவற்றில் போடுங்கள், டிராக் தரத்திலேயே வாங்குங்கள். லெதர் சூட்டை முதல் நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

ஹெல்மெட் முகத்தை முழுவதும் மூடும் வகையாக இருக்க வேண்டும். தாடைப்பகுதி மேலே திறக்கும் மாடலைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரங்களில் இசிஇ 22.06 தற்போதையது. 22.05 முத்திரை உள்ள பழைய ஹெல்மெட் இருந்தால் ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வார்ப்பட்டை இரண்டு வளையங்களில் நுழைத்து இழுக்கும் வகையாக இருப்பது நல்லது. அணிந்துகொண்டு கன்னம் அழுந்துகிறதா என்று பாருங்கள். பட்டையைப் பூட்டி, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்குங்கள். தலையைவிட்டுக் கழன்று வந்தால் அந்த அளவு வேண்டாம். ஒருமுறை விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே உள்ள நுரை நசுங்கியிருக்கும். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள்.

கையுறை மணிக்கட்டைத் தாண்டி சூட்டின் கை மேல் ஏற வேண்டும், இஎன் 13594 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்க வேண்டும். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் வர வேண்டும், அதற்கு இஎன் 13634. விளையாட்டு ஷூவோடு வந்து திரும்பிப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சூட் ஒரே துண்டாக இருக்கலாம். இரண்டு துண்டு என்றால் இடுப்பைச் சுற்றி முழுவதும் ஜிப் ஓட வேண்டும். பின்பக்கம் மட்டும் ஒரு சாண் ஜிப் இருந்தால் சரியும்போது ஜாக்கெட் மேலே ஏறி முதுகு தரையில் தேயும். இஎன் 17092 தரத்தில் ஏஏஏ என்பதே உச்ச வகுப்பு. உள்ளே இருக்கும் பாதுகாப்புத் தகடுகளையும் எடுத்துப் பாருங்கள். மூட்டுக்களுக்கு இஎன் 1621-1, முதுகுக்கு இஎன் 1621-2. முதுகுத் தகட்டில் லெவல் 1 என்றால் சோதனையில் சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை விசை உள்ளே கடக்கலாம். லெவல் 2-ல் அது 9 மட்டுமே. கடையில் ஜாக்கெட்டோடு வரும் முதுகுத் தகடு சில நேரம் வெறும் ஸ்பாஞ்சாக இருக்கும். எண் அச்சிடப்படாத தகட்டைத் தகடாகவே கருதாதீர்கள்.

நின்றபடி போட்டுப் பார்த்து இறுக்கமாக இருக்கிறது என்று பெரிய அளவை வாங்கிவிடாதீர்கள். சூட் வண்டியில் குனிந்து உட்காரும் உடலுக்காகத் தைக்கப்பட்டது. உட்கார்ந்து பார்த்து முடிவெடுங்கள். தொளதொளப்பான சூட்டில் முழங்கைத் தகடு விழும் நேரத்தில் முழங்கையில் இருக்காது.

சாலை மட்டும் போதும் என்று முடிவு செய்தவருக்கு லெதர் சூட் தேவையில்லை. வெயிலிலும் மழையிலும் தினமும் போடக்கூடிய, காற்றோட்டமும் பளிச்சென்ற நிறமும் உள்ள துணி ஜாக்கெட், தகடு வைத்த பேண்ட் வாங்குங்கள். புழுக்கம் தாங்காமல் வீட்டில் கழற்றி வைக்கும்படியான ஒன்றை வாங்கிப் பயனில்லை.

6. வண்டியை இரண்டு வாரம் முன்பே தயார் செய்யத் தொடங்குங்கள்

முந்தைய இரவு தொடங்கினால் ஒரு போல்ட் வழுக்கியதிலேயே நாள் போய்விடும்.

பிரேக் ஆயிலில் தொடங்குங்கள். புதியவர்கள் அதிகம் கவனிக்காதது இதுதான், டிராக்கில் முதலில் காலை வாருவதும் இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். சாலையில் அந்தச் சூடு அபூர்வம். டிராக்கில் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் ஒவ்வொரு சுற்றிலும் கடுமையாக பிரேக் போடும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் லிவர் மெத்தென்று ஹேண்டில்பார் வரை வந்துவிடும், வண்டி நிற்காது. ஆகவே மூடி திறக்காத புதிய பாட்டிலிலிருந்து டாட் 4 அல்லது 5.1 மாற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5-க்கும் 5.1-க்கும் உள்ள வேறுபாட்டைப் பாட்டிலில் இரண்டு முறை படியுங்கள்.

பிரேக் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் அச்சிடப்பட்டிருக்கும், அதை அளந்து ஒப்பிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பஞ்சர் ஒட்டிய டயரோடு டிராக்குக்குப் போக வேண்டாம். முதல் நாளுக்கு நல்ல நிலையில் உள்ள சாலை ஸ்போர்ட் டயரே தாராளமாகப் போதும். பந்தய டயரை மாட்டி அதிலேயே சாலையில் போய்வருவது பெரிய தவறு. அந்த டயர்களை டிராக்கில் மின்போர்வை சுற்றிச் சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகுதான் ஓட்டுவார்கள். சாலை வேகத்தில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. குளிர்ந்த பந்தய டயரின் பிடி சாலை டயரைவிட மோசம். மழைநீரை வெளியேற்றும் பள்ளங்களும் அதில் போதாது.

காற்றழுத்தத்தில் யாருடைய எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டிராக்கில் டயர் அதிகம் சூடாகி அழுத்தம் ஏறும். அதனால் குளிர்ந்த நிலையில் சாலை அளவைவிடக் குறைத்துத் தொடங்குவார்கள். சாலை ஸ்போர்ட் டயர்களில் 30 முதல் 32 பிஎஸ்ஐ வரை பலரும் தொடங்கும் இடம். உங்கள் டயர் நிறுவனம் டிராக்குக்கென்று ஓர் அளவு வெளியிட்டிருந்தால் அதுவே இறுதி. சொந்தமாக ஓர் அளவி வாங்கி, எல்லா அளவையும் அதிலேயே எடுங்கள். இரண்டு அளவிகள் ஒரே எண்ணைக் காட்டுவது அரிது.

செயினை அதிகம் இறுக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றி, இருப்பதிலேயே இறுக்கமாக உள்ள இடத்தில் அளந்து, கையேட்டில் சொன்ன தொய்வை வையுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஸ்டீயரிங் பேரிங் தேய்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டால் தானாகவே டப்பென்று மூடிக்கொள்ள வேண்டும். ஆய்வில் இதைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விஷயத்தில் விதியைக் கேளுங்கள். கிளைகால் கலந்த கூலன்ட் தரையில் கொட்டினால் எளிதில் உலராது, கழுவினாலும் வழுக்கும். பின்னால் வருபவர்கள் வரிசையாக விழுவார்கள். அதனால் பல டிராக்குகள் காய்ச்சி வடித்த நீரும் துருத்தடுப்பானும் மட்டும் கேட்கும். புதியவர் குழுவுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. நீருக்கு மாறினால் குளிர் உறையும் காலத்துக்கு முன் மறக்காமல் திருப்பி மாற்றுங்கள், இல்லையென்றால் உறையும் நீர் இன்ஜினை விரிசல் விடச் செய்யும்.

மிச்சமுள்ளவை சிறு வேலைகள். ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டச் சொல்கிறார்களா என்று பாருங்கள். முகப்பு விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர் மேல் டேப் ஒட்டுங்கள், உடைந்தாலும் கண்ணாடி சிதறாது. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றுங்கள் அல்லது டேப் போட்டு மூடுங்கள். நம்பர் பிளேட், டாப் பாக்ஸ், போன் ஹோல்டர், சென்டர் ஸ்டாண்டு எல்லாம் கழற்ற வேண்டியவை. ஓட்டிக்கொண்டே டிராக்குக்குப் போகிறவர் என்றால் பிளேட்டையும் கண்ணாடியையும் அங்கே போன பிறகு கழற்றுங்கள். முறுக்கி முடித்த ஒவ்வொரு முக்கிய போல்ட்டிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரியும்.

சஸ்பென்ஷனை முதல் நாள் தொடாதீர்கள். கையேட்டில் உள்ள நிலையில் விடுங்கள். ஒரே மாதிரி பத்துச் சுற்று ஓட்டத் தெரியாதவரால் ஒரு கிளிக் மாற்றத்தை உணர முடியாது.

7. அந்த நாளில் என்ன நடக்கும்

வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பதிவு, வண்டி ஆய்வு, விளக்கக் கூட்டம் என்ற மூன்றும் முதல் ஓட்டத்துக்கு முன் முடிய வேண்டும். விளக்கக் கூட்டத்தைத் தவறவிட்டவரைப் பொதுவாக ஓடவிடமாட்டார்கள்.

கொடிகளை அங்கே சொல்லும்போது எழுதிக்கொள்ளுங்கள். மஞ்சள் அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. திடீரென பிரேக் போடாமல் வேகத்தைக் குறைத்து பிட்டுக்கு (ஓடுதளத்தை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு) வர வேண்டும். கறுப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால் நீங்கள் வெளியே வர வேண்டும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உங்கள் வண்டியில் கோளாறு, ஆயில் ஒழுகிக்கொண்டிருக்கலாம், ஓடும் பாதையைவிட்டு உடனே ஓரம் போங்கள். சிவப்பு மஞ்சள் பட்டை என்றால் தரை வழுக்குகிறது. கட்டம் போட்ட கொடி ஓட்டத்தின் முடிவு. வெள்ளைக் கொடிக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுவதால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஒரு ஓட்டம் 15 முதல் 20 நிமிடம். நாளுக்கு ஐந்து முதல் ஏழு ஓட்டம் கிடைக்கும். எந்தக் குழு என்று கேட்டால் யோசிக்காமல் மெதுவான குழுவைச் சொல்லுங்கள். அங்கே வளைவுக்குள் முந்தக் கூடாது என்றோ, வெளிப்பக்கம் போதிய இடைவெளி விட்டே முந்தலாம் என்றோ விதி இருக்கும். வேகக் குழுவில் அந்த இரக்கம் இல்லை.

முதல் இரண்டு சுற்று டயருக்காக. டயரும் பிரேக்கும் சூடாகும்வரை மெல்ல ஓட்டுங்கள். முதல் ஓட்டம் முழுக்க பாதையை மனப்பாடம் செய்யுங்கள்: எந்த வளைவு எந்தப் பக்கம், எங்கே கண்காணிப்பு மேடை. இரண்டாவதில் ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் தொடங்கும் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். நிழல் நகர்ந்துவிடும், அதனால் பலகை, கூம்பு, தரையில் உள்ள ஒட்டு போன்ற நகராத ஒன்றாக இருக்கட்டும். மூன்றாவதிலிருந்து ஓட்டத்துக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வையுங்கள்.

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், ஒதுங்கவும் வேண்டாம். உங்கள் பாதையிலேயே போங்கள். முந்துபவர்தான் இடம் பார்த்து முந்த வேண்டும். நீங்கள் நல்ல மனதோடு ஒதுங்கும் பக்கமே அவர் வரத் தொடங்கியிருப்பார்.

வளைவில் வேகம் அதிகம் என்று தோன்றினால் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடாதீர்கள், முன் பிரேக்கை அள்ளிப் பிடிக்காதீர்கள். பெரும்பாலும் வண்டியால் இன்னும் சாய முடியும். பார்வையை வெளியேறும் இடத்தில் வைத்து உள்கைப்பிடியைத் தள்ளுங்கள். தார் முடிந்து புல்லிலோ ஜல்லியிலோ இறங்கியே தீரும் நிலை வந்தால், அதற்கு முன்பே வண்டியை நிமிர்த்தி, நேராக உள்ளே விட்டு, பின் பிரேக்கை லேசாக மட்டும் தொடுங்கள். விழுந்துவிட்டால் முழுவதும் நின்ற பிறகே எழுந்திருங்கள். ஓடுதளத்தைப் பார்த்தபடி தடுப்புக்குப் பின்னால் போங்கள். வண்டியைத் தூக்க ஓடாதீர்கள், அது மார்ஷலின் வேலை.

முழங்கையும் முன்கையும் கல்லாக இறுகினால் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்று பொருள். தொடையால் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள், கை தளரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் சூட்டைப் பாதி கழற்றித் தண்ணீர் குடியுங்கள். நேரம் அளக்கும் கருவியை வீட்டிலேயே வையுங்கள். முழங்கால் தரையில் உரச வேண்டும் என்ற ஆசையையும் அன்று மட்டும் தள்ளிப்போடுங்கள், அதைத் துரத்துகிறவர் உடலை முறுக்கிக்கொண்டு பாதையைக் கோட்டைவிடுகிறார். உடல் சோர்ந்து, இன்னும் ஒரே ஒரு முறை என்று மனம் சொல்லும் கடைசி ஓட்டத்துக்குப் போகாமல் சூட்டைக் கழற்றுங்கள்.

8. சாலைக்குத் திரும்பும் முன்

டயர் குளிர்ந்த பிறகு காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள். விளக்குகளின் டேப்பைப் பிரித்து, பிரேக் விளக்கு எரிகிறதா என்று முன் பிரேக் லிவரையும் பின் பிரேக் பெடலையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். கண்ணாடி, பிளேட், அச்சு, காலிப்பர் போல்ட் கோடுகள் எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

அன்று மாலை சொந்த வண்டியில் நெடுந்தூரம் திரும்ப வேண்டாம். சோர்வு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நாள் முழுக்க 150-ல் ஓடிய கண்ணுக்கு 90 நடைவேகமாகத் தெரியும். அடுத்த சில நாட்கள் வேகமானியை அடிக்கடி பாருங்கள்.

டிராக்கின் பாதையைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள். டிராக்கில் தாரின் முழு அகலமும் உங்களுடையது. சாலையில் உங்கள் பகுதி பாதிதான், அந்தப் பாதியிலும் சாய்ந்த தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீண்டுவிடும், சக்கரம் கோட்டுக்கு இந்தப்பக்கம் இருந்தாலும். வளைவின் உள்விளிம்பைத் தொடும் இடத்தைத் தாமதமாக வையுங்கள், மறுபக்கம் முழுவதும் தெரிந்த பிறகே சாய்வை நிமிர்த்தி வேகம் கூட்டுங்கள்.

9. இப்போது முடிவு செய்யுங்கள்

இரண்டு வாரம் போகட்டும். செலவுத் தாளில் உண்மையில் ஆன தொகையை எழுதுங்கள், டயரையும் பேடையும் மறுபடி அளந்து எவ்வளவு தேய்ந்தது என்று குறியுங்கள். அந்த எண்களைப் பார்த்த பிறகும் அடுத்த தேதியைத் தேடுகிறீர்களா?

தேடவில்லை என்றால் சாலையோடு நில்லுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் போதும் என்றால் இப்போதுள்ள வண்டியே போதும். ஃபிரேம் ஸ்லைடர் (விழும்போது வண்டிக்கு முன் தரையில் உரசும் காப்புக் கட்டை), இன்ஜின் மூடிக் காப்பு, லிவர் காப்பு மூன்றையும் மாட்டிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆறு நாளுக்கு மேல் போவீர்கள் என்றால் மட்டும் டிராக்குக்கென்று தனி வண்டியை யோசியுங்கள்.

அப்போதும் 300 முதல் 400 சிசி பழைய வண்டியே கற்பதற்கு நல்லது. டயர், பேட் இரண்டும் மெதுவாகத் தேயும், நேர்ப்பாதை வேகம் குறைவு என்பதால் வளைவில் உள்ள தவறு மறையாது. வாங்கும்போது பளபளக்கும் ஃபைபர் ஃபேரிங்கைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் போய் மோதி நிற்கும் சிறு நிறுத்தி ஃபிரேமில் இருக்கும். அது நசுங்கியோ வெல்டிங் செய்தோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. ஃபோர்க் குழாய்களின் குரோம் மேல் விரலை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், கீறல் தட்டுப்பட்டால் சீல் ஒழுகும். டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்குக் காகிதம் எதற்கு என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். சாலைப் பதிவு ரத்து செய்யப்பட்டிருந்தால் அதற்கான சான்றும், முந்தைய உரிமையாளரின் கையெழுத்திட்ட விற்பனை ரசீதும் கையில் வந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.